“அது என் குடி இல்ல மிஸ்”: குடிநோயிலிருந்து மீள ஒரு குழுவைத் தேடிய 14 மாதங்கள்

நான் சிங்கப்பூரின் வடபகுதியில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் சமூகப் பணியாளர். இந்தக் குறிப்பை எழுத இதில் வரும் தம்பதியர் இருவரும் சம்மதித்தார்கள், எழுதியதைப் படித்தும் பார்த்தார்கள். பெயர்கள் இல்லை. பேட்டை, வேலையிடம் போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தவறுகளை மட்டும் மாற்றவில்லை.

பாக்கியில் தொடங்கியது

மனைவி குடியைப் பற்றிப் பேச வரவில்லை. நகர மன்றத்துக்குக் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம் 5 மாதம் பாக்கி, கடிதம் வந்துவிட்டது, தவணையில் கட்ட ஏதாவது வழி உண்டா என்று கேட்க வந்தார். 44 வயது, பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. கணவருக்கு 49, ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகன் தேசிய சேவையில் இருந்தான். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இரண்டு சம்பளம் வருகிற மூவறை வீட்டில் 5 மாதப் பாக்கி விழுகிறதென்றால் பணம் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பில்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவற்றுக்கு நடுவே புளோக்குக்குக் கீழே இருக்கும் மினிமார்ட்டின் ரசீதுகளும் கலந்து கிடந்தன. நேரத்தைப் பார்த்தேன். 10.12, 10.21, 10.27. எல்லாம் இரவு. 2015 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இங்கே இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மதுபானம் வாங்கிச் செல்ல முடியாது. அந்த ரசீதுகள் எல்லாம் கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கியவை.

“பீர்தான்மா. பிராந்தியெல்லாம் சம்பள நாள்ல மட்டும்தான்” என்றார்.

‘வெறும் பீர்’ என்ற சொல்லை எங்கள் நிலையத்தில் அடிக்கடி கேட்கிறேன். ரசீதில் இருந்தது 8 விழுக்காட்டு ஸ்ட்ராங் பீர், 500 மில்லி கேன். அதில் சுத்த ஆல்கஹால் 40 மில்லி, எடையில் ஏறக்குறைய 32 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால் ஒரு கேனிலேயே 3 அளவு தாண்டிவிடுகிறது. ஆண்கள் ஒரு நாளைக்கு 2 அளவுக்கு மேல் போகக்கூடாது என்பது இங்குள்ள சுகாதார அறிவுரை. இவர் இரவில் 5 கேன் குடித்துக்கொண்டிருந்தார்.

குடும்பம் இதை நோயாகப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இளவயதில் அவர் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, காவடி எடுத்து, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தவர். அந்த 48 நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார். “நெனச்சா விடமுடியும் அவரால. திமிரு” என்பது வீட்டில் எல்லாருடைய கணிப்பு. கடைசி 4 வருடமாக விரதத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார் என்பதை மனைவி அடுத்த சந்திப்பில்தான் சொன்னார், அதையும் சாமி குற்றமாகத்தான் சொன்னார்.

முதல் சந்திப்பு

ஜூலை இறுதியில் ஒரு வியாழக்கிழமை கணவரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, திருநீறு. “சொல்லுங்க மிஸ்” என்று பணிவாக உட்கார்ந்தார். தினமும் எவ்வளவு என்று கேட்டேன். மூன்று கேன் என்றார். நிறுத்த விருப்பமா என்றேன். “மகளுக்காக நிறுத்துறேன்” என்றார். மகிழ்ந்துபோய், மேசையில் தயாராக வைத்திருந்த பட்டியலைக் கொடுத்தேன். ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், புவாங்கோக்கில் மனநலக் கழகத்தில் இயங்கும் நாம்ஸ் என்ற போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு, ஜாலான் ஊபியில் உள்ள வீ கேர் அமைப்பு, எல்லாம் தொலைபேசி எண்ணோடு அதில் இருந்தன. “முதல்ல குடிக்கிறத விட்டுட்டு, இந்த வாரமே ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கண்ணே” என்றேன்.

படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா தடுமாறியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டார். பார்த்தேன். ஏசி குளிர் என்று நினைத்தேன்.

அன்றிரவு ஒரு கேன் குடித்துவிட்டு, மீதியைக் கழிவறையில் ஊற்றினார். வெள்ளிக்கிழமை காலை கைநடுக்கம், வியர்வை, வாந்தி. விரதத்தின் முதல் நாள் மாதிரிதான் என்று மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தார். அன்றிரவு தூக்கம் இல்லை. சனிக்கிழமை விடிகாலை சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு வலிப்பு வந்து கீழே விழுந்தார். மகள் 995-ஐ அழைத்தாள்.

நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மூளைக் குழப்பத்தோடு கூடிய கடும்நிலை வந்தால் உயிரே போகலாம். இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை, பயிற்சியில் படித்ததுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் பணிவாகவும் சுத்தமாகவும் இருந்ததால் அந்த ஆபத்து எனக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவமனையில் கேட்கப்பட்ட கேள்வி

ஐந்து நாள் இருந்தார். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க டயாஸெபாம் வகை மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி. இரண்டாம் நாள் நான் போயிருந்தபோது ஓர் இளம் மருத்துவர் வந்து, எத்தனை கேன் என்று கேட்காமல், காலையில் எத்தனை மணிக்கு முதல் மடக்கு என்று கேட்டார்.

கணவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார்: “அஞ்சரைக்கு.”

வீட்டு வாசலுக்கு வெளியே தண்ணீர் மீட்டர் இருக்கும் சின்ன அலமாரிக்குள் இரண்டு கேன் எப்போதும் இருக்குமாம். காலை 7 மணி வரை கடையில் விற்கமாட்டார்கள் என்பதால் முந்தைய இரவே வாங்கி வைத்துவிடுவார். வேலைக்குக் கிளம்பும்போது நடைபாதையில் நின்றபடி ஒன்று, கை நிலைக்கு வருவதற்கு. வீட்டுக்குள் பிராந்தி பாட்டிலில் மகளுடைய கண் மைப் பென்சிலால் கோடு போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு அந்த அலமாரியைப் பற்றித் தெரியாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவத்தை அப்புறம்தான் போட்டுப் பார்த்தோம். மதிப்பெண் 20-ஐ எட்டினாலே குடிச் சார்புநிலை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு 27. அந்தப் படிவம் வியாழக்கிழமை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட்

காலை ஐந்தரைக்குக் குடித்தவர் எட்டு மணிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஏறியிருக்கிறார், வருடக்கணக்கில். இந்த வழக்கில் நான் அதிகம் தூக்கம் கெட்டது இதற்காகத்தான். அவர் சொன்னதை வெளியில் சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிடங்கில் நடந்து போகிற மற்றவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் நிலையத்தில் என் மேற்பார்வையாளரோடு பேசிய பிறகு, மருத்துவ விடுப்பு முடிவதற்குள் அவரிடம் நேராகவே சொன்னேன்: குடித்துவிட்டு வண்டி ஏறுகிறீர்கள் என்று தெரிந்தால் நான் சும்மா இருக்கமுடியாது, அதனால் வேலையிடத்தில் நீங்களே முதலில் பேசுங்கள். கோபப்பட்டார், இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே சூப்பர்வைசரிடம் போய், வலிப்பு வந்தது, வண்டி ஓட்டக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சரக்கு எண்ணும் பிரிவுக்கு மாற்றினார்கள். அலவன்ஸ் போனதில் மாதம் 280 சிங்கப்பூர் வெள்ளி குறைந்தது. பாக்கிப் பிரச்சினைக்காக வந்த குடும்பத்துக்கு என் முதல் ‘உதவி’ இது. வேறு வழி இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

குழு தேடல்: ஆங்கிலக் கூட்டம்

மருத்துவமனை அவரை நாம்ஸ் பிரிவுக்கு அனுப்பியது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாத்திரை, மாதம் ஒருமுறை ஆலோசகர். விடுப்பில் இருந்த வரையில் அங்கே பகல் நேரக் குழு அமர்வுகளுக்கும் போனார், பிடித்தும் இருந்தது. வேலைக்குத் திரும்பியதும் பகல் நேரம் ஒத்துவரவில்லை. வீ கேர் இருக்கும் ஜாலான் ஊபிக்கு அவர் வீட்டிலிருந்து பேருந்தும் ரயிலுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல், வேலை முடிந்து போனால் கூட்டம் பாதி முடிந்திருக்கும்.

மிஞ்சியது ஏஏ. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியிலிருந்து மீளப் போராடிய இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டதில் தொடங்கிய அமைப்பு. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். நகரின் நடுவே, ஒரு தேவாலயக் கட்டடத்தின் மாடி அறையில் மாலைக் கூட்டம். செப்டம்பரில் ஒரு நாள் தனியாக அனுப்பினேன். இது என் இரண்டாவது தவறு.

வாசலில் சிலுவையைப் பார்த்துவிட்டு எதிர்ப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் 20 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். மதம் மாற்றுகிற இடமோ என்ற சந்தேகம். இடம் வாடகைக்கு எடுத்தது, சமயத்தோடு சம்பந்தம் இல்லை என்று நான் முன்பே சொல்லியிருக்க ஒரு வாக்கியம் போதும். உள்ளே போய்க் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். வட்டமாக 15 பேர். பிஸ்கட் தட்டு. ஒவ்வொருவரும் பெயர் சொல்லி, நான் ஓர் அல்கஹாலிக் என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். அவர் முறை வந்ததும் “பாஸ்” என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. முடிவில் கைகோத்து ஒரு பிரார்த்தனை. ஒருவர் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டை மடித்து பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார், அழைக்கவில்லை.

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“எல்லாரும் நல்லவங்க மிஸ். ஆனா அது என் குடி இல்ல. விமானத்துல குடிச்சேன், ஹோட்டல் ரூம்ல குடிச்சேன்னு சொல்றாங்க. தண்ணி மீட்டருக்குப் பின்னால ஒளிச்சு வெச்சவன் அங்க யாரும் இல்ல.”

ஆங்கிலம் வேகமாகப் போனதில் பாதிதான் புரிந்தது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒளித்து வைக்காத குடிநோயாளி உலகத்திலேயே இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவர் காதில் விழும் மொழியில் யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

லிட்டில் இந்தியா பக்கம் ஏதாவது தேடட்டுமா என்றதற்கு, “தேக்காவுல என்னைத் தெரியாதவன் யாரு மிஸ்?” என்று முடித்துவிட்டார். அவருடைய வேலை நேரத்துக்கும் வீட்டுக்கும் ஒத்துவருகிற தமிழ்க் கூட்டம் அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

இரண்டு பேர், ஒரு மேசை

அவர் அனுமதியோடு அந்த மாடி அறைக் கூட்டத்தின் தொடர்பாளரை அழைத்து, தமிழ் பேசுகிற பழைய உறுப்பினர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். இரண்டு நாளில் ஒருவர் என்னை அழைத்தார். எழுபதை நெருங்கியவர், ஓய்வுபெற்றவர், 20 வருடத்துக்கு மேலாகக் குடிக்காதவர். “அவர எங்கயும் வரச் சொல்லாதீங்க தங்கச்சி. எங்க இருக்காருன்னு சொல்லுங்க, நான் போறேன்” என்றார்.

வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு, அவர் வீட்டிலிருந்து இரண்டு எம்ஆர்டி நிறுத்தம் தள்ளி ஓர் உணவங்காடி நிலையத்தில் சந்தித்தார்கள். பீர்க் கடைக்கு முதுகு காட்டி உட்காரும்படி நாற்காலியைப் பெரியவர்தான் தேர்ந்தெடுத்தாராம். ஒருவருக்கு தே-ஓ, மற்றவருக்கு கோப்பி. முதல் நாள் நானும் 10 நிமிடம் இருந்தேன்.

அங்கேதான் அந்தச் சொல் பிரச்சினை வெளியே வந்தது. கூட்டத்தில் ஏன் ‘பாஸ்’ சொன்னீர்கள் என்று பெரியவர் கேட்டார். “இங்கிலீஷ்ல சொன்னா யாரையோ சொல்ற மாதிரி இருக்கண்ணே. தமிழ்ல குடிகாரன்னு சொன்னா எங்கப்பாவச் சொல்ற மாதிரி இருக்கு.” அப்பாவைப் பேட்டை முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்களாம். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “குடிநோயாளின்னு சொல்லு. நானும் அப்பிடித்தான் சொல்றேன்” என்றார். தமிழ்நாட்டுச் சிகிச்சை மையங்களிலும் ஏஏ கூட்டங்களிலும் புழங்குகிற சொல். சர்க்கரை நோயாளி மாதிரி அதைச் சொல்லிவிட முடிகிறது. இத்தனை வருடம் தமிழிலேயே இந்த வேலை செய்யும் எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இணையம் வழி நடக்கும் தமிழ்க் கூட்டம் ஒன்றையும் பெரியவர்தான் அறிமுகப்படுத்தினார். அங்கே இரவு 7 மணி என்றால் இங்கே 9.30. காதுக்கருவி மாட்டிக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். கூட்டம் முடிய பத்தரை ஆகிவிடும். மினிமார்ட்டுக்கு ஓடுகிற அந்த நேரம் அப்படியே கூட்டத்துக்குள் போய்விட்டது. நாங்கள் யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடில்லை இது, நேர வித்தியாசம் செய்த உபகாரம்.

அக்டோபரில் இருவருமாக அதே மாடி அறைக்குப் போனார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து புரியாததைக் காதோரம் சொன்னார். இரண்டாவது வாரம் இவர் பேசினார், கலப்பு ஆங்கிலத்தில், மீட்டர் அலமாரியைப் பற்றி. வட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துவிட்டு, தான் பியானோவுக்குள் வைத்திருந்ததாகச் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். தீபாவளி பீர் இல்லாமல் போனது.

படையல்

டிசம்பரில் தாய்மாமா இறந்தார். பதினாறாம் நாள் படையலில் வழக்கம்போல அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள்: ஆட்டுக்கறி, சுருட்டு, ஒரு பிராந்தி பாட்டில். மூத்த மருமகன் என்பதால் பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றிவைக்கும் பொறுப்பு இவருக்கு. மறுத்தால் ஏன் என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். திறந்தார், ஊற்றினார். படையல் கலைந்ததும் மாமாவின் பங்கு என்று யாரோ கிளாஸைக் கையில் கொடுத்தார்கள்.

மூன்று நாள் குடித்தார். நான்காம் நாள் காலை பெரியவரை அழைத்தார். பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “கை நடுங்குதா?” இந்த முறை யாரும் ‘உடனே நிறுத்து’ என்று சொல்லவில்லை. நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மருத்துவர்கள் பார்த்து, மருந்தோடு அனுப்பினார்கள். வலிப்பு வரவில்லை. அடுத்த வியாழன் மேசைக்கும் தவறாமல் வந்தார்.

அந்தப் படையலைப் பற்றி முன்கூட்டியே பேசியிருக்க முடியுமா? முடியும். கல்யாணம், சம்பள நாள், தீபாவளி எல்லாவற்றுக்கும் நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். சாவு வீட்டை மறந்துவிட்டோம், அதுவும் தமிழர்களாக இருந்துகொண்டு.

அடுத்து தைப்பூசம் வந்தது. 48 நாள் விரதம் இருக்கட்டுமா என்று கேட்டார். “நாப்பத்தெட்டு நாள் கணக்கு வேணாம்ப்பா. நாப்பத்தொன்பதாம் நாள் குடிக்கிறவனோட கணக்கு அது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாரு” என்றார் பெரியவர். அந்த வருடம் காவடி எடுக்கவில்லை. மனைவியின் பால்குடத்தோடு நடந்தார்.

மனைவி, மகள்

“குடிக்கிறது அவரு, நான் எதுக்குக் கூட்டத்துக்குப் போகணும்?” என்று மனைவி ஆரம்பத்தில் மறுத்தார். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951 முதல் இயங்குகிறது, இங்கேயும் உண்டு. மூன்று முறை போனார், தொடரவில்லை. ஆனால் பாட்டிலில் கோடு போடுவதை நிறுத்தியது அங்கே ஒரு சீன அம்மா பேசியதைக் கேட்ட பிறகுதான். மகள் எதற்கும் வரவில்லை. வலிப்பு வந்த காலை அவள்தான் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்காகத் தனியாக யாரையாவது ஏற்பாடு செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது 6 மாதம் ஓடிவிட்டது.

இன்றைய நிலையும், மாற்றிக்கொண்டதும்

இதை எழுதும்போது அவர் கடைசியாகக் குடித்து 9 மாதம். ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்பவில்லை. பராமரிப்புக் கட்டணப் பாக்கி தீர்ந்தது, 280 வெள்ளிக் குறைவோடும்தான். வாரம் ஒரு மாடி அறைக் கூட்டம், இரண்டு இணையக் கூட்டம், வியாழன் மேசை. மாத்திரையை மருத்துவர் சொல்லி நிறுத்தியாகிவிட்டது. மகள் அப்பாவோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும்.

எங்கள் நிலையத்தில் இப்போது குடி என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் கேட்பது காலையில் முதல் மடக்கு எப்போது என்பதைத்தான். கை நடுங்குகிறவரிடம் ‘நிறுத்துங்கள்’ என்ற சொல்லை மருத்துவர் பார்ப்பதற்கு முன் நாங்கள் சொல்வதில்லை. பலதுறை மருந்தகத்துக்கோ நாம்ஸ் உதவி எண்ணுக்கோ, அதாவது 6732 6837-க்கு, எங்கள் அறையிலிருந்தே அழைத்துவிடுகிறோம். நடுக்கம், குழப்பம் முற்றியிருந்தால் நேரே அவசரப் பிரிவு. பட்டியலைத் தனியாகக் கையில் கொடுப்பதும் நின்றுவிட்டது. முதல் கூட்டத்துக்கு வாசல்வரை ஒருவர் கூடப் போகிறார், அதற்கு முன் அந்தக் குழுவில் இவருடைய மொழி பேசுகிறவர் உண்டா என்று கேட்டுவிடுகிறோம். வேலை நேர அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் கூட்டத்தைத் தேடுகிறோம்.

கூடப் போவது, மொழி, வேலை நேரம் ஆகிய மூன்றில் எது எங்களுக்கு இன்னும் சரியாக வரவில்லை என்றால், மொழிதான். குழுக்களில் தமிழ் பேசக்கூடிய பழைய உறுப்பினர்கள் சிலர்தான், அவர்களுக்கும் வயதாகிறது. பெரியவருக்குப் போன மாதம் கண் அறுவை சிகிச்சை. அந்த வாரம் வியாழக்கிழமை மேசைக்கு இவர் தனியாகப் போனார். நான் அனுப்பிய இன்னொருவர், 30 வயது லாரி ஓட்டுநர், எட்டே முக்காலுக்கு வந்து, பீர்க் கடையைப் பார்த்தபடி உட்காரப் போனாராம். இவர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.